கவய மாவும் கட்டுவிரியனும்: உயிரின் பெயரை அறிவது எப்படி?

முன்பின் பார்த்திராத ஓர் உயிரைக் கண்டு இது இன்னது என்று ஒருவர் சரியாகப் பெயர் சொல்லிவிட்டால், அந்த அறிவு அவருக்கு எந்த வழியாக வந்தது? இந்திய மெய்யியலில் இது சில்லறைக் கேள்வியாக இருந்ததில்லை. நியாய தரிசனம் இதற்கென்றே உவமானம் என்று ஒரு தனி அளவையை, அதாவது அறியும் வழியை, நிறுத்தியது. அது காட்டும் எடுத்துக்காட்டு ஒரு காட்டுவிலங்கு. நகரத்தான் ஒருவன் கவயம் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறான், விலங்கைப் பார்த்ததில்லை. காட்டில் வாழ்பவன் ஒருவனிடம் கேட்கிறான். அது பசுவைப் போலிருக்கும் என்று பதில் வருகிறது. பின்னொரு நாள் காட்டு வழியில், பசுவைப் போன்ற, ஆனால் பசுவல்லாத ஒரு விலங்கு அவன் எதிரே வந்து நிற்கிறது. கேட்ட சொல் நினைவுக்கு வர, கவயம் என்பது இதுதான் என்று தெளிகிறான்.

தமிழுக்கும் இந்த எடுத்துக்காட்டு பழையது. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் பல சமயக் கணக்கர்களும் தத்தம் கொள்கையை மணிமேகலைக்கு எடுத்துரைக்கிறார்கள். முதலில் பேசும் அளவைவாதி, ஒப்புமை அளவையை விளக்க இதே கவய மாவைத்தான் சொல்கிறான். வேடிக்கை என்னவென்றால், கவயம் எந்த விலங்கு என்பதில் இன்றுவரை அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. காட்டெருது என்பார் உண்டு. நீலான் என்பார் உண்டு. வடகிழக்கு மலைகளில் வளர்க்கப்படும் மிதுன் என்பாரும் உண்டு. அடையாளம் காண்பதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக எடுத்துக்காட்டாக நிற்கும் விலங்கே சரிவர அடையாளம் காணப்படாமல் இருக்கிறது.

கவயத்தை அறிந்தவனின் அறிவு தனி வகையா, வேறு அளவைகளுக்குள் அடங்குமா என்பதில் சமயங்கள் கடுமையாக மோதிக்கொண்டன. சார்வாகருக்குக் காட்சி ஒன்றே அளவை என்பதால் அவர்களுக்கு இது கேள்வியே இல்லை. பௌத்தர் காட்சி, கருதல் (அனுமானம்) என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டனர். மணிமேகலையின் 29ஆம் காதையில் காஞ்சியில் பௌத்த ஆசானான அறவணர் உரைப்பதும் இந்த இரண்டையே. அந்தத் தருக்கத்தின் தலையாய ஆசிரியரான திக்நாகரும் காஞ்சிப் பகுதியில் பிறந்தவர் என்றே பௌத்த மரபு சொல்கிறது. அவர் கேட்பது எளிய கேள்வி: காட்டுவாசி சொன்னபோதே பாதி தெரிந்துவிட்டது, விலங்கைக் கண்டபோது மீதியும் தெரிந்துவிட்டது, நடுவில் புதிதாக முளைத்த அளவை எது? வைசேடிகரும் சாங்கியரும் வேறு வழிகளில் ஏறத்தாழ இதே இடத்துக்கு வருகிறார்கள். மீமாம்சகர் உவமானத்தை ஏற்கிறார்கள். ஆனால் அதன் பயனை மாற்றிச் சொல்கிறார்கள். காட்டில் இந்த விலங்கைக் கண்டவனுக்கு, வீட்டில் நிற்கும் தன் பசு இதைப் போன்றது என்று தோன்றுவதே அவர்களுக்கு உவமானம்.

சைவ சித்தாந்தத்தின் நிலை தமிழ்நாட்டு வாசகருக்கு அணுக்கமானது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் செய்த சிவஞான சித்தியார், பிறர் கொண்ட பத்து அளவைகளையும் அடுக்கிவிட்டு, ஒப்பு உட்பட எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறது. சிக்கனமான தீர்ப்பு. கவயத்தைக் கண்டவன் காட்டுவாசியின் உரையை நம்பினான், தன் கண்ணால் கண்டான், இரண்டையும் சேர்த்துக் கருதினான். வேறென்ன வேண்டும் என்பது இதன் பொருள்.

நியாயத்தார் இதற்கு விட்டுக்கொடுக்கவில்லை. காட்டுவாசி சொன்னபோது, கவயம் என்ற சொல்லுக்குரிய உயிரினம் எது என்று கேட்டவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அது அவன் முன் இல்லை. விலங்கைக் கண்ட கணத்தில் கண்ணுக்குக் கிடைத்ததோ ஓர் உருவம். அதன் உடம்பில் பெயர் எழுதியிருக்கவில்லை. இந்தச் சொல் இந்த இனத்துக்கு உரியது என்ற இணைப்பு, உரையிலும் இல்லை, காட்சியிலும் இல்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் அது பிறக்கிறது. வாத்ஸ்யாயனர் நியாய சூத்திரத்துக்கு எழுதிய பாஷ்யத்தில் கவயத்தோடு நிற்காமல், பச்சைப்பயறைப் போன்ற காட்டுப்பயறு, உளுந்தைப் போன்ற காட்டுளுந்து என்று மூலிகைகளையும் சேர்க்கிறார். மருந்துக்காகக் காட்டில் செடி தேடுபவனுக்கு இது ஏட்டுச் சண்டை இல்லை. தவறான செடியைப் பறித்தால் மருந்து நஞ்சாகும்.

இந்த வாதத்தில் நியாயத்தாரின் கை ஓங்கியிருக்கிறது என்றே சொல்ல வேண்டும். அளவைகளைச் சுருக்கியவர்கள், சுருக்க முடியும் என்பதைக் காட்டினார்கள். கற்றல் நடக்கும் விதத்தைக் காட்டவில்லை. பறவைக் கையேட்டைப் பலமுறை படித்தவரும் களத்தில் பறவை முன்னால் வந்து உட்கார்ந்ததும் தடுமாறுவதைக் காணலாம். பல நூறு பறவைகளைப் பார்த்தும் பெயர் அறியாதவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. உரை மட்டும் உள்ளவருக்கும் காட்சி மட்டும் உள்ளவருக்கும் கிட்டாத ஒன்று, இரண்டும் கூடும்போது கிட்டுகிறது. அதற்கு ஒரு தனிப் பெயர் வைப்பதில் தவறில்லை.

ஆனால் ஒப்புமை எவ்வளவு இருந்தால் போதும்? இந்தத் தடையை நியாய சூத்திரமே எழுப்பிக்கொள்கிறது. முழுக்க ஒத்திருந்தால் அது பசுவேதான், கவயம் ஆகாது. பெரும்பாலும் ஒத்திருந்தால் போதும் என்றால் எருமையும் கவயமாகிவிடும். ஏதோ ஒரு குணம் ஒத்தால் போதும் என்றால் எதையும் எதற்கும் ஒப்பிடலாம். நியாயத்தாரின் விடை, ஒப்புமையின் அளவில் ஒன்றும் இல்லை, அறிந்தவர்கள் சுட்டிய ஒப்புமையாக அது இருக்க வேண்டும் என்பது. பிற்கால நியாய உரையாசிரியரான வாசஸ்பதி மிசிரர் இன்னொரு படி மேலே போனார். வடநாட்டான் ஒருவன் ஒட்டகத்தைத் திட்டித் தீர்க்கிறான்: நீண்ட கழுத்து, முள்ளைத் தின்னும் வாய், விலங்குகளிலேயே கடைப்பட்டது என்று. அதைக் கேட்ட தென்னாட்டான் பின்பு வடக்கே போய், வேறெந்த விலங்கையும் போலில்லாத ஒன்றைக் கண்டு, அவன் திட்டியது இதைத்தான் என்று அறிகிறான். வேற்றுமையும் பெயரறிவுக்கு வழியாகும் என்பதற்கு இது சான்று. கையேடு எழுதுபவர்கள் இன்று செய்வதும் இதுதான். ஒற்றுமையைச் சொல்லி வேற்றுமையில் முடிப்பார்கள்.

திருத்தணி இந்த ஆராய்ச்சிக்குப் பொருத்தமான ஊர். முருகனின் அறுபடை வீடுகளில் ஐந்தாவதாகச் சொல்லப்படும் தணிகை மலை, கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் தென்பகுதியில், ஆந்திர எல்லையை ஒட்டி நிற்கிறது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 1960 ஏப்ரல் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இங்கே மயிலுக்கு நெமலி என்றும் ஒரு பெயர் உண்டு. கட்டுவிரியன் எல்லைக்கு அப்பால் கட்லபாமு. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இயற்கையானது என்ற மீமாம்சகர், மரபால் ஏற்பட்டது என்ற நியாயத்தார் ஆகிய இரு சாராரில், இந்த ஊர்ச் சந்தையில் யாருக்கு வாக்கு அதிகம் விழும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. 20ஆம் நூற்றாண்டின் இந்திய மெய்யியலாளர்களில் உலகறிந்தவரான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்ததும் இவ்வூரில்தான்.

இந்தப் பகுதியின் பாறைச் சரிவுகளிலும் புதர்க்காடுகளிலும் ஒன்றைப்போல் ஒன்று தோன்றும் உயிர்கள் பல. வெண்புருவச் சின்னான் புதர்தோறும் கேட்கும் பறவை. மஞ்சள் தொண்டைச் சின்னானோ தென்னிந்தியாவின் பாறை மலைகளில் மட்டுமே வாழும் அரியது. எல்லைக்கு அப்பால் ஹார்ஸ்லி மலை அதன் பெயர்பெற்ற இடங்களில் ஒன்று. இரண்டுக்கும் வாலடியில் மஞ்சள் உண்டு. ஒன்றுக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு. மற்றதற்குத் தலையும் தொண்டையும் மஞ்சள். கிளைகளுக்கு இடையே ஒரு கணம் தெரிந்து மறையும் பறவையில் இதைப் பிரித்தறிவது, ஒப்புமை எவ்வளவு வேண்டும் என்ற பழைய கேள்வியை அப்படியே எழுப்பும்.

காட்டுவாசியும் நகரத்தானும் இன்று நேரில் சந்திக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபன் சங்கமும் 2002இல் தொடங்கிய ஈபேர்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக மாணவர்கள் 2008இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட், அதே ஆண்டு இந்தியாவில் தோன்றிய இந்தியப் பல்லுயிர் வலைவாசல் ஆகியவை, முகமறியாதவர்கள் கூடி உயிரினங்களுக்குப் பெயர் காணும் சபைகளாக வளர்ந்துள்ளன. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் ஆர்வலர்கள் தத்தம் ஊரில் பறவைகளைப் பார்த்துப் பட்டியலிடும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. இப்படிச் சேர்ந்த பதிவுகளின் கனம் சிறிதன்று. 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 30,000க்கும் மேற்பட்ட பறவை நோக்குநர்களின் மூன்று கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது.

இந்தச் சபைகளின் நடைமுறையை உற்றுப் பார்த்தால், இந்தியத் தருக்க நூல்களின் பெரிய சண்டை ஒன்று அதில் உயிரோடு இருப்பது தெரியும். ஓர் அறிவு உண்மையானது என்பது அந்த அறிவாலேயே தெரியுமா, வெளிச்சான்று வேண்டுமா என்பதே அந்தச் சண்டை. தோன்றிய அறிவு தன்னளவில் செல்லும், அதைக் கெடுக்கும் மறுப்பு வரும்வரை நம்பலாம் என்பது மீமாம்சகரின் நிலை. இது சுதப் பிராமாண்யம் எனப்படும். தோன்றியதாலேயே அறிவு செல்லாது, வேறொன்றால் உறுதிப்பட வேண்டும் என்பது நியாயத்தாரின் நிலை. இது பரதப் பிராமாண்யம். ஈபேர்டில் ஒருவர் தரும் பட்டியல் அப்படியே ஏற்கப்படும். அந்த ஊரில், அந்த மாதத்தில், அந்த எண்ணிக்கையில் வழக்கமாகக் காணாத பறவை இருந்தால் மட்டும் வடிகட்டி அதைத் தடுத்து நிறுத்தும்; பகுதிக்குரிய தன்னார்வ மதிப்பாய்வாளர் விவரம் கேட்பார். இது மீமாம்சகர் வழி. ஐநேச்சுரலிஸ்டிலோ ஒருவர் படத்தை இட்டுப் பெயர் சொன்னால் போதாது. இன்னொருவராவது ஒப்ப வேண்டும். பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரு பங்குக்கு மேல் ஒரே இனத்தைச் சுட்ட வேண்டும். அப்போதுதான் அது ஆய்வுத் தரம் பெறும். இது நியாயத்தார் வழி. இந்த இரண்டையும் வடிவமைத்தவர்கள் மீமாம்சகரான குமாரிலரையோ நியாயத்தாரான கங்கேசரையோ படித்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் வந்து சேர்ந்த வழிகள் இரண்டும் பழைய வழிகளே.

எது மேலானது என்பது பொருளைப் பொறுத்தது. காகத்தைக் காகம் என்று சொன்னவரிடம் சாட்சி கேட்டுக்கொண்டிருந்தால் எந்தக் கணக்கெடுப்பும் நடவாது. பாம்பில் அப்படி இருக்க முடியாது.

திரிபுக்காட்சிக்குக் கயிற்றைப் பாம்பென்று காண்பதையே வேதாந்த நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்லும். விளக்கைக் கொண்டுவந்தால் தீரும் திரிபு அது. பயந்ததைத் தவிர நட்டமில்லை. வடதமிழ்நாட்டு வீடுகளில் மழைக்கால இரவுகளில் நேரும் திரிபு வேறு. கட்டுவிரியன் கொடிய நஞ்சுடையது. வெள்ளிக்கோல் வரையன் எனப்படும் ஓநாய்ப் பாம்பு நஞ்சற்றது. பல்லியைத் தேடிச் சுவரேறி வீட்டுக்குள் வரும். இரண்டும் கருமையோ கரும்பழுப்போ ஆன உடம்பில் வெள்ளைப் பட்டைகள் கொண்டவை. விளக்கைக் கொண்டுவந்தாலும் இரண்டும் பாம்பாகவேதான் இருக்கும். இங்கே திரிபு இரு பக்கமும் வெட்டும்: வரையனைக் கட்டுவிரியன் என்று எண்ணினால் ஒரு பாவமறியாப் பிராணி அடிபட்டுச் சாகும், கட்டுவிரியனை வரையன் என்று எண்ணிக் கையில் எடுத்தால் மனிதர் சாவார். கட்டுவிரியன் கடியில் பெரிய வலியும் வீக்கமும் இராது; தூக்கத்தில் கடிபட்டவர் விடியும்போது மூச்சுத் திணறிக் கிடப்பார்.

அறிந்தவர்கள் பார்ப்பது பட்டை இருக்கிறதா என்பதை அன்று, எங்கே தொடங்குகிறது என்பதை. வளர்ந்த கட்டுவிரியனில் தலையை ஒட்டிய பகுதி பெரும்பாலும் பட்டையின்றிக் கருமையாகப் பளபளக்கும். சற்றுத் தள்ளித் தொடங்கும் மெல்லிய கோடுகள் இரண்டிரண்டாக, வால்வரை தெளிவாக ஓடும். வரையனில் கழுத்தருகே பட்டை அகலமாகவும் பளிச்சென்றும் இருந்து, வாலை நோக்கி மங்கிப் போகும். ஐயம் தீராவிட்டால் முதுகின் நடுவே ஓடும் செதில் வரிசையைப் பார்க்க வேண்டும். கட்டுவிரியனுக்கு அந்த வரிசை மட்டும் அறுகோண வடிவில் பெரிதாக இருக்கும். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் சபையில் நல்ல பதில் என்பது இந்தக் குறியைச் சுட்டிக் காட்டும் பதில். கட்டுவிரியன் என்று ஒற்றைச் சொல் எழுதுபவர் சரியாகவே சொன்னாலும், கேட்டவருக்குக் கிடைப்பது ஒரு பெயர்தான். குறியோடு சொல்பவர் கேட்டவரை அடுத்த முறை தானே காணும்படி செய்கிறார். அளவை நூலார் இதை ஏது காட்டல் என்பார்கள்.

சித்தியார் குற்றமற்ற காட்சிக்கு ஐயமும் திரிபும் நீங்க வேண்டும் என்கிறது. ஐயம் என்பது இதுவோ அதுவோ என்று இரண்டில் நிற்றல். திரிபு ஒன்றை மற்றொன்றாகத் துணிதல். இணையச் சபைகளின் ஒரு நல்ல பழக்கம், ஐயத்துக்கு மதிப்பான இடம் தந்திருப்பது. இனம் தெரியாதபோது பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், குடும்பத்தோடும் நிறுத்தலாம். ஈபேர்டில் இன்ன வகைப் பருந்து, இனம் தெரியவில்லை என்று எழுத முறையான வழி இருக்கிறது. துணிந்து தவறுவதைவிட ஐயத்தில் நிற்பது மேல் என்ற அளவை ஒழுக்கம் இது. வாட்ஸ்அப் குழுக்களில் இது அரிது. அங்கே முந்திச் சொன்ன பெயரே நிலைத்துவிடுகிறது.

அடுத்த கேள்வி, யார் சொல்வதை நம்புவது? உரை அளவைக்கு ஆப்தர் வேண்டும். வாத்ஸ்யாயனர் தரும் இலக்கணம் எதிர்பாராத அளவுக்குத் திறந்தது. பொருளை நேரே அறிந்தவராகவும், அறிந்ததை அறிந்தபடி சொல்ல விரும்புபவராகவும் இருந்தால் அவர் ஆப்தர். இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்று அவர் வெளிப்படையாகச் சொல்கிறார். கவயக் கதையில் கற்பிப்பவன் காட்டுவாசி, கற்பவன் நகரத்தான் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பிறப்பும் பட்டமும் இங்கே நுழைவதில்லை. தணிகையின் வள்ளி கதையும் குறவர் மகளின் தினைப்புனத்தில் தொடங்குவதே. பயிரைத் தின்ன வரும் பறவைகளைக் காலையும் மாலையும் பார்த்து ஓட்டியவள் அவள்.

திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் வாழும் இருளர்கள் இந்த இலக்கணத்துக்கு நிறைந்த சான்று. அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கியது. வடநெம்மேலியில் இயங்கும் இச்சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சை மருந்து தயாரிப்புக்கு வழங்குகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட பர்மா மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் காட்டினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மண்ணில் படிந்த தடம், உரிந்த சட்டை, எச்சம் ஆகியவற்றிலிருந்து பாம்பின் இருப்பை அவர்கள் அறிவது கருதல் அளவையின் உச்சம். இணையத்தில் பெயர் காணும் சபைகளில் இத்தகையோரின் குரல் அரிதாகவே கேட்கிறது என்பது அந்தச் சபைகளின் குறை. ஆங்கிலமும் கைப்பேசியும் உள்ளவரே அங்கே பேசுகிறார்கள். காட்டுவாசி கேட்கப்படாத கவயக் கதையாக அது ஆகிவிடக்கூடும்.

பலர் ஒப்பினால் உண்மையாகிவிடுமா என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஆப்தர் அல்லாத நூறு பேர் ஒரே பெயரைச் சொன்னால், நியாய மரபின்படி அளவை எதுவும் உண்டாவதில்லை; ஒரே தவறு நூறு முறை நடந்தது, அவ்வளவே. மூன்றில் இரு பங்கு என்ற விதி உண்மையின் வரையறை ஆகாது. ஆப்தர்கள் சபையில் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கைமேல் நிற்கும் நடைமுறை ஏற்பாடு அது. ஒப்பியவர் தன் கண்ணால் படத்தை ஆராய்ந்து ஒப்பினாரா, முன்னவர் சொன்னதால் ஒப்பினாரா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பின்னதானால் இரண்டு சாட்சிகளும் ஒரு சாட்சிதான்.

இப்போது மூன்றாவதாக ஒரு குரலும் சேர்ந்திருக்கிறது. படத்தைக் காட்டினால் பெயரை ஊகிக்கும் கணினி நிரல், குரலைக் கேட்டுப் பறவையைச் சொல்லும் மெர்லின் செயலி ஆகியவை. இவை ஆப்தரா? அறிந்ததைச் சொல்ல விரும்புபவர் என்ற நிபந்தனை இவற்றுக்குப் பொருந்தாது. விரும்ப அங்கே ஒருவரும் இல்லை. பிற்கால நியாய மரபினரான நவ்ய நியாயத்தார் கிளியின் பேச்சை வைத்து இதற்கு ஒப்பான சிக்கலை விவாதித்தார்கள். பழக்கிய கிளி ஓர் உண்மை வாக்கியத்தைச் சொன்னால், கேட்டவர் பெறும் அறிவு உண்மைதான். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பொறுப்பான கருத்து யாருடையது? நிரலின் பின்னால் இருப்பது, லட்சக்கணக்கான படங்களுக்குப் பெயரிட்ட மனிதர்களின் அறிவு. அவர்கள் அதிகம் பார்த்த நாடுகளின் உயிர்களை நிரல் நன்றாகச் சொல்லும். அவர்கள் பார்க்காத சரிவின் பூச்சியில் தடுக்கி விழும். ஆகவே நிரலின் சொல்லைக் கருதலுக்கு உதவும் குறியாகக் கொள்ளலாம். உரை அளவையாகக் கொள்ள முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் சமயத்தின் பக்கமிருந்து ஒரு கேள்வி எஞ்சுகிறது. பெயரை அறிந்தவர் உயிரை அறிந்தவரா? தணிகைக்கு வரும் அடியாருக்கு மயில் சூரபதுமன். கந்தபுராணத்தின்படி மாமரமாய் நின்ற சூரன் வேலால் இரு கூறாகி மயிலும் சேவலுமாக வந்தான்; ஊர்தியாகவும் கொடியாகவும் ஆட்கொள்ளப்பட்டான். திருத்தணியிலோ இறைவன் முன் மயிலுக்குப் பதிலாக யானை நிற்கிறது. தெய்வயானையோடு இந்திரன் சீராகத் தந்த ஐராவதம் அது. கருவறையைப் பார்க்காமல் கிழக்கே தேவருலகை நோக்கி நிற்கிறது என்பது தல மரபு. பறவை நோக்குநருக்கு மயில் 1758இல் லின்னேயஸ் பாவோ கிறிஸ்டாட்டஸ் என்று பெயரிட்ட இனம். 1963 முதல் தேசியப் பறவை. அண்மைக் காலத்தில் எண்ணிக்கையும் பரப்பும் பெருகிவரும் இனம். உழவருக்கு அது விதைத்ததைக் கிளறித் தின்னும் தொல்லை.

இவை ஒன்றையொன்று மறுப்பதாக நினைப்பது அவசரம். பெயரும் சாதியும் சேராமல் பொருள் இருக்கிறது என்ற அளவில் தோன்றும் காட்சியை நிருவிகற்பம் என்றும், பெயர், சாதி, குணம், செயல் இவற்றோடு கூடித் தோன்றுவதைச் சவிகற்பம் என்றும் நூல்கள் பிரிக்கும். அடியார், நோக்குநர், உழவர் மூவரும் காண்பது சவிகற்பக் காட்சியே. கூட்டிய அடைமொழிகள் வேறு. ஆபத்து எங்கே வருகிறது என்றால், ஒருவர் தன் அடைமொழியோடு பொருளே தீர்ந்துவிட்டது என்று எண்ணும்போது. நூறு இனங்களைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, நூற்றோராவதைத் தேடி ஓடுபவர் மயிலை நின்று பார்ப்பதில்லை. மயிலைக் கும்பிட்டுவிட்டு, அது எங்கே முட்டையிடுகிறது என்று கேட்காதவரும் அதைப் பார்ப்பதில்லை. தொல்காப்பிய மரபியல், சிறகுடைய உயிர்களின் ஆணைச் சேவல் எனலாம், மயிலை மட்டும் அப்படிச் சொல்லலாகாது என்று விலக்கு விதிக்கிறது. பெயரிடுவதற்கே அவ்வளவு கூர்மையாகப் பார்த்த மரபு, இரு சாராருக்கும் பொதுவானது.

ராதாகிருஷ்ணனின் நூல்களில் இதற்கு ஒரு வழி கிடைக்கிறது. 1929இல் ஆற்றிய ஹிபர்ட் சொற்பொழிவுகளிலிருந்து 1932இல் நூலான படைப்பில், அறியும் வழிகளை அவர் புலனறிவு, ஆய்வறிவு, உள்ளுணர்வு என்று மூன்றாக வகுத்தார். உள்ளுணர்வு ஆய்வறிவுக்குப் பகையன்று, அதைத் தாண்டிச் செல்வது என்பது அவர் வாதம். தேர்ந்த நோக்குநர் ஒருவர் பறக்கும் நிழலைப் பார்த்ததும் குறிகளை எண்ணாமலே பெயர் சொல்வதை இந்த உள்ளுணர்வோடு சேர்த்துப் பேசத் தோன்றும். அது பொருந்தாது. சந்தனக்கட்டையைத் தூரத்தில் கண்டதுமே மணக்கும் சந்தனம் என்று அறிவதை நியாயத்தார் முன்னறிவின் துணையால் நேரும் காட்சி என்று விளக்கினார்கள். நோக்குநரின் வேகமும் அந்த வகைதான், பழகிய கண். ராதாகிருஷ்ணன் பேசிய உள்ளுணர்வு அறிபவரும் அறியப்படுவதும் நெருங்கி ஒன்றும் நிலை. அதற்குப் பட்டியல் தடையுமில்லை, போதுமானதுமில்லை.

சித்தாந்தம் இதையே வேறு விதமாகச் சொல்லும். உயிர் தானாக அறிவதில்லை, அறிவித்தால் அறிவது. எதைச் சார்கிறதோ அதன் தன்மையைக் கொள்வது. அறிவிப்பவர் இல்லாமல் அறிவு இல்லை என்ற இந்தக் கொள்கை இறைவனைப் பற்றியது. ஆனாலும் ஒருவருக்கொருவர் சொல்லித் தெரிந்துகொள்ளும் எந்தச் சபைக்கும் அது அடக்கத்தைக் கற்பிக்கும்.

கடைசியாக ஒரு தரும சங்கடம். அறிந்ததை எல்லாம் சொல்லலாமா? மகாபாரதத்தின் கர்ண பருவத்தில் கௌசிகன் என்ற தவசி, ஓடி ஒளிந்தவர்கள் போன வழியைக் கொள்ளையருக்கு உண்மையாகச் சொல்லி அவர்கள் சாகக் காரணமாகிறான். அந்த உண்மை அவனுக்குப் புண்ணியம் தரவில்லை. திருக்குறளின் வாய்மை அதிகாரம், பிறருக்குத் தீங்கு விளைக்காத சொல்லையே வாய்மை என்று வரையறுத்துத் தொடங்குகிறது. உயிரினப் பதிவில் பெயரோடு இடமும் சேர்ந்தே பதிவாகிறது. இடம் தெரிந்தால் பார்க்கப் போகிறவர் மட்டும் போவதில்லை, பிடிக்கப் போகிறவரும் போவார். ஆந்திர, தமிழ்நாட்டு எல்லைப் புதர்க்காடுகளின் நட்சத்திர ஆமை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஓட்டிலுள்ள மஞ்சள் விண்மீன் கோடுகளுக்காக வளர்ப்புப் பிராணியாக வெளிநாடுகளுக்குக் கடத்தப்படுகிறது.

எனவே இடத்தை மறைப்பது உண்மையைக் குறைப்பதாகாது. குறள் சொல்லும் வாய்மைக்குள் அது அடங்கும். எல்லாவற்றையும் வெளிப்படையாக வைப்பதே அறிவியல் என்று வாதிடுபவர்களும் உண்டு. கௌசிகனும் அப்படித்தான் வாதிட்டிருப்பான். நட்சத்திர ஆமை 2019இல் பன்னாட்டு வணிக ஒப்பந்தமான சைட்டிஸின் முதல் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. ஐநேச்சுரலிஸ்ட் இத்தகைய அழியும் நிலையிலுள்ள இனங்களின் இடத்தை 0.2 பாகைக் கட்டத்துக்குள் ஏதோ ஒரு புள்ளியாக மாற்றிக் காட்டுகிறது. திருத்தணியின் அகலக்கோட்டில் அந்தக் கட்டம் நீளத்திலும் அகலத்திலும் ஏறத்தாழ 22 கிலோமீட்டர்.